லத்திப் பேனா

மருமகனுக்குப் பட்டப்பெயர் வைக்காத மாமியார் உண்டா? என்ன, மற்றவர்கள் அதை முதுகுக்குப் பின்னால் சொல்லிச் சிரிப்பார்கள். மரத்தைக் கடைந்து பேனா செய்கிறவனின் மாமியார் தலைமைக் காவலராக இருந்து ஓய்வு பெற்றவர். முதுகுக்குப் பின்னால் பேசுகிற பழக்கமே அவருக்கு இல்லை. "என்ன விரிசல், சாப்பிட்டாச்சா?" என்று நேருக்கு நேராகத்தான் கேட்பார். மரியாதைக்கு ஒரு குறையும் கிடையாது. நீங்க, வாங்க, உக்காருங்க எல்லாம் உண்டு. கூப்பிடுகிற பெயர் மட்டும் விரிசல்.

அந்தப் பெயர் சும்மா வரவில்லை. மச்சினிக்குக் கல்யாணம் நடந்தபோது அவன் இந்தத் தொழிலுக்குப் புதுசு. பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட என் கையால் ஒரு பேனா செய்து தருகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு, தேக்கைவிட இரண்டு மடங்கு கனமான ஒரு கறுப்பு மரத்தில் கடைந்து கொடுத்தான். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மச்சினி பாதிப் பெயரை எழுதியிருப்பாள், 'டக்'கென்று ஒரு சத்தம். பேனா நீளவாக்கில் பிளந்து அவள் விரல் சதையைக் கவ்விப் பிடித்தது. "ஆ!" என்று கத்தினாள். கையெழுத்தின் வால் காகிதத்தைத் தாண்டி மேசை வரைக்கும் போனது. அன்றைக்கு வைத்த பெயர்தான். 'மாப்பிள்ளை' என்ற சொல் அதன்பிறகு மாமியார் வாயிலிருந்து வரவே இல்லை.

தப்பு என்ன என்பது அவனுக்குப் பிறகுதான் புரிந்தது. மரத்துக்குள் செருகிய பித்தளைக் குழாயின் வாயில் பசை கொஞ்சம் காய்ந்து ஒட்டியிருந்ததை அவன் சுரண்டி எடுக்கவில்லை. அதன் மேலேயே முனையை வைத்து அழுத்திவிட்டான். மெத்தென்ற மரமாக இருந்தால் கொஞ்சம் விட்டுக்கொடுத்திருக்கும். இறுகிய மரத்துக்கு விட்டுக்கொடுக்கத் தெரியாது. கோபத்தை உள்ளேயே வைத்திருந்து, நாலு பேர் நடுவில் தீர்த்துக்கொள்ளும். இது தெரிந்த பிறகு அவன் செய்த எந்தப் பேனாவும் பிளக்கவில்லை. வெளியூர்க் கடைகளில்கூட அவன் பேனாவுக்கு நல்ல பெயர். வீட்டில்தான் விரிசல்.

அப்படியிருக்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமியார் தன் பழைய லத்தியோடு பட்டறைக்குள் நுழைந்தார். பட்டறை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கார் இல்லாத வீட்டின் கார் ஷெட். ஒரு கடைசல் எந்திரம், துளை போடுகிற எந்திரம், சுவர் முழுக்க உளிகள், ஒரு மின்சாரக் கெட்டில். லத்தியைப் பார்த்ததும் அவன் எந்திரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

"பயப்படாதீங்க, உங்களுக்கில்ல," என்றார் மாமியார். "இதுல ஒரு பேனா செய்யணும்."

"பேனாவா? யாருக்கு அத்தை?"

"எனக்குத்தான். கையெழுத்துப் போட. அடுத்த மாசம் எனக்குக் கல்யாணம்."

அவன் கையிலிருந்த உப்புத்தாள் கீழே விழுந்தது. வாசலில் நின்ற அவன் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளுக்கு முதல் நாளே தெரியுமாம். அம்மா இருக்கிற இடத்தில் சிரிப்புச் சத்தம் கேட்பதே அபூர்வம். அன்றைக்கு அம்மாவும் சேர்ந்து சிரித்தார்.

மணமகன் வேறு யாருமில்லை, தெரு முனை இஸ்திரிக்காரர். மனைவியை இழந்து தனியாக இருந்தவர். மாமியாரும் கணவரைப் பறிகொடுத்து வெகுகாலம் ஆகிறது. அத்தனை வருஷமும் மாமியாரின் சீருடைக்கு மடிப்பு எடுத்துக் கொடுத்தவர் அவர்தான். அந்த மடிப்பில் கை வைத்தால் வெட்டிவிடும் என்று ஸ்டேஷனில் பேச்சு. மாமியார் ஓய்வு பெற்றதும் சீருடை வருவது நின்றுபோனது. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு மனுஷன் வீட்டுக்கே வந்து, "துணி ஒண்ணும் வரலையே, உடம்புக்கு ஏதாவதா?" என்று கேட்டாராம். துணிக்கென்று வந்தவர் தேநீர் குடிக்க உட்கார்ந்தார். அதற்கப்புறம் துணி இல்லாமலும் வந்தார். சங்கதி அவ்வளவுதான்.

"இத்தனை வருஷம் இதைக் கையில வெச்சிருந்தேன்," என்று லத்தியைத் திருப்பிக் காட்டினார் மாமியார். "ஒருத்தரையும் அடிச்சதில்ல. என் குரலே போதுமா இருந்துச்சு. சும்மாவே இருந்த கட்டை, இப்பவாவது ஒரு வேலை செய்யட்டும். என்ன, முடியுமா? இல்ல வழக்கம்போலத்தானா?"

அந்த 'வழக்கம்போல' அவனைச் சுருக்கென்று தைத்தது. முடியும் என்று சொல்லிவிட்டான்.

சொன்ன பிறகுதான் லத்தியைச் சரியாகப் பார்த்தான். அடுப்படிச் சுவரில் சாய்ந்தே கிடந்த கட்டை. ஒரு பக்கம் ஆவி, மறுபக்கம் வெயில். முக்கால்வாசி நீளத்துக்கு மெல்லிய பிளவுகள் ஓடியிருந்தன. கைப்பிடியைச் சுற்றி இறுக்கமாகத் துணி கட்டியிருந்த இடம் மட்டும் தப்பித்திருந்தது. துணியை அறுத்துப் பிரித்தான். உள்ளே மரம் கருகருவென்று பளபளத்தது. நல்ல பகுதி ஒரு சாண் நீளம்கூடத் தேறாது. பாதியாக அறுத்தால் இரண்டு துண்டு. ஒன்று பேனாவுக்கு, இன்னொன்று பயத்துக்கு.

அறுத்த வாய்களில் உடனே உருக்கிய மெழுகைத் தடவினான். இந்த மாதிரி மரத்தில் ஈரம் வாய் வழியாகத்தான் அவசரமாக ஓடும். வாய் சீக்கிரம் காய்ந்து நடு காயாமல் நின்றால் இரண்டும் இழுத்துக்கொண்டு பிளந்துவிடும். பிறகு இரண்டு துண்டையும் கொண்டுபோய் மனைவியின் துணி அலமாரியில், சேலைகளுக்கு நடுவில் வைத்தான். வெயிலோ காற்றோ படாமல் மரம் வீட்டுக்குப் பழக அதைவிட நல்ல இடம் இல்லை என்பது அவன் கட்சி. ஒரு சேலையை இழுத்தால் காலில் ஒரு கட்டை விழுகிற வீட்டில் குடும்பம் நடத்துவதே பெரும்பாடு என்பது அவள் கட்சி.

மாமியாருக்கு இதெல்லாம் கட்டுப்படியாகவில்லை. தினமும் சாயங்காலம் ரோந்து வருவார். "இன்னும் கடையலையா? மரம் ஓடிடுமா என்ன, ஏன் பூட்டி வெச்சிருக்கீங்க?" என்பார். அவன் தேநீர் போட்டுக் கொடுப்பான். வேலையில் காட்டுகிற பொறுமையை ஆள்களிடமும் காட்டத் தெரிந்தவன் அவன். இல்லாவிட்டால் அந்தக் குடும்பத்தில் இத்தனை நாள் தாக்குப்பிடித்திருக்க முடியாது.

பதிவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது முதல் துண்டில் துளை போட்டான். கொஞ்சம் இறக்குவான், வெளியே இழுப்பான், தூளை ஊதுவான், துளையூசியைத் தொட்டுப் பார்ப்பான். வெதுவெதுப்பு தெரிந்தால் எந்திரத்தை நிறுத்திவிட்டு வாசலில் போய் நிற்பான். துளை மறுமுனையைப் பெயர்த்துக்கொண்டு வராமலிருக்க, மரத்தைக் கூடுதல் நீளமாகவே விட்டு, துளை முடிந்த பிறகுதான் அளவுக்கு அறுத்தான். ஒரு ராத்திரி ஆறவிட்டான். மறுநாள் குழாயைப் பசை போட்டுச் செருகினான். சட்டென்று கல்லாகிப்போகும் பசை அல்ல. நிதானமாகக் காய்ந்து, காய்ந்த பிறகும் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கிற பசை. அதற்கும் ஒரு ராத்திரி வேண்டும். துண்டைப் பட்டறை அலமாரித் தட்டில் வைத்துவிட்டு, முனையும் கிளிப்பும் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனான். மனசு நிறைந்திருந்தது. போகிற வழியில் சீட்டியடித்தான்.

திரும்பி வந்து துண்டைக் கையில் எடுத்ததும் சீட்டி நின்றது. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் தலைமுடி கனத்தில் ஒரு கோடு. வெளிச்சத்தில் திருப்பினான். கோடுதான், சந்தேகமே இல்லை. பசை அதற்குள் காய்ந்து இறுகியிருந்தது. அதில் ஒரு வெள்ளை நூல் ஒட்டியிருந்தது. முகர்ந்து பார்த்தான். கஞ்சி வாசம், சூடான துணியின் வாசம்.

நிமிர்ந்தான். வாசலில் இஸ்திரிக்காரர் நின்றிருந்தார். கல்யாணத்துக்குத் தேய்த்த சட்டைகள் ஹேங்கரில் ஆடிக்கொண்டிருந்தன. அவர் முகத்தில் ஈயாடவில்லை. அவர் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் அவருக்குப் பின்னாலிருந்து ரோந்து வந்து சேர்ந்தது.

மாமியார் நேராக வந்து துண்டை வாங்கினார். ஜன்னலோரம் கொண்டுபோய் நகத்தை அதன் மேல் ஓட்டினார். நகம் ஓரிடத்தில் தட்டியது.

"விரிசல்," என்றார்.

அவனைக் கூப்பிட்டாரா, கண்டுபிடித்ததைச் சொன்னாரா என்று யாருக்கும் விளங்கவில்லை. ஹேங்கர்கள் மட்டும் கிடுகிடுவென்று ஆடின. ஒரு வார்த்தை போதும், அவன் தப்பித்துவிடலாம். நூல் இருக்கிறது, வாசம் இருக்கிறது, ஆள் திருட்டு முழியோடு எதிரிலேயே நிற்கிறார். விசாரிப்பதற்கோ அனுபவப்பட்ட போலீஸ். ஆனால் இந்த வீட்டுக்குள் காலெடுத்து வைக்கும்போதே ஒரு பட்டப்பெயரோடு வைப்பது எப்படி இருக்கும் என்று அவனைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? பாவம், மனுஷன் இன்னும் உள்ளேயே வரவில்லை.

"சூடு ஏறிடுச்சு அத்தை," என்றான். "என் தப்புதான். நான் பாத்திருக்கணும்."

மாமியார் அவனை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். "இன்னொரு துண்டு இருக்குல்ல?"

"இருக்கு."

"அதுவும் போச்சுன்னா, பதிவாளர் மேசையில கயிறு கட்டி ஒரு பிளாஸ்டிக் பேனா வெச்சிருப்பாங்க, அதுல போட்டுக்கறேன். எனக்கு ஒண்ணும் இல்ல."

எனக்கு ஒண்ணும் இல்ல என்று அவர் சொன்னால் நிறைய இருக்கிறது என்று அர்த்தம். மகளைப் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்தபோதுகூட இதையேதான் சொன்னார். அவர் போன பிறகு பட்டறை வெறிச்சென்று ஆனது. அந்தப் பெயர் இனி ஜென்மத்துக்கும் போகாது என்று நினைத்தான். மற்றதெல்லாம்கூடப் பரவாயில்லை. ஒண்ணும் இல்ல என்று சொன்னபோது அந்தம்மாவின் கண் கொஞ்சம் கலங்கியிருந்தது, அதைத்தான் தாங்க முடியவில்லை.

இஸ்திரிக்காரர் போகவில்லை. ஹேங்கர்களை ஆணியில் மாட்டிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். அவரை எப்படிக் கூப்பிடுவது என்பதே அவனுக்கு அந்த மாதம் முழுக்கப் பெரிய பிரச்சினை. மாமா என்று சொல்ல வாய் வரவில்லை, அண்ணே என்றால் முறை இடிக்கிறது. அதனால் எதுவும் சொல்லாமலே ஒப்பேற்றிக்கொண்டிருந்தான்.

"நீங்க இல்லாதப்ப வந்தேன். பசை பிசுபிசுன்னு இருந்துச்சு," என்று அவரே ஆரம்பித்தார். "மழை மூட்டமா வேற இருக்கு. நாள் நெருங்குதே, காயணுமேன்னு... துணியில சுத்தி, உங்க வீட்டு இஸ்திரிப் பெட்டிய மேல லேசாத்தான் வெச்சேன். வேட்டிக்கு வைக்கிற சூடுகூட இல்ல. நல்லது செய்யுறதா நெனச்சேன்."

"தெரியும்."

"தெரியுமா? எப்படி?"

"கஞ்சி வாசம். துண்டை இப்ப உடுத்திக்கிட்டு வெளிய கிளம்பலாம் போல இருக்கு."

அவர் சிரிக்கவில்லை. "அப்ப ஏன் சொல்லல? பழி உங்க மேல விழுந்துடுச்சே."

"எனக்குப் பழகிப்போச்சு. உங்களுக்குப் புதுசா எதுக்கு?"

அவர் ஸ்டூலை எந்திரத்துக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, "ஒரு கட்டைக்குச் சூடு ஆகாதுன்னா, எவ்வளவு சூடு ஆகாது?" என்று கேட்டார்.

"இவ்வளவுன்னு அளவெல்லாம் இல்ல. விரலுக்குத் தெரியறப்பவே பாதி தப்பு நடந்திருக்கும்."

"விரலை நம்பாதீங்க. என் விரலெல்லாம் காய்ச்சுப்போச்சு. நாங்க கன்னத்துல பாப்போம்." இஸ்திரிப் பெட்டியைக் கன்னத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோவது போலக் கையைக் காட்டினார். "தொடவே வேண்டாம். பக்கத்துல வந்தாலே சொல்லிடுவேன். இத்தனை வருஷமா எனக்குச் சூடுதானே தொழில்."

அவன் எழுந்து துணி அலமாரியிலிருந்து இரண்டாவது துண்டை எடுத்துவந்தான். அதன் ஒரு முனையில் மெல்லிய கீறல் இருந்தது. அதை அறுத்துத் தள்ளினால் பேனா குட்டையாகத்தான் வரும். வரட்டும் என்று அறுத்தான்.

அன்று சாயங்காலம் துளை போட்ட விதத்தைப் பார்த்திருந்தால் யாருக்கும் சிரிப்பு வந்திருக்கும். அவன் ஊசியைக் கொஞ்சம் இறக்கி வெளியே இழுப்பான். எந்திரம் நின்றதும் இஸ்திரிக்காரர் குனிந்து, ஊசிக்குப் பக்கத்தில் கன்னத்தைக் கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். "போகலாம்" என்பார். அடுத்த முறை "ம்ஹூம், ஆறட்டும்" என்பார். அவன் தொட்டுப் பார்த்தால் குளிர்ந்துதான் இருக்கும். ஆனாலும் வாதாடாமல் நிறுத்தினான். நிறுத்தின போதெல்லாம் கெட்டில் கொதித்தது. துளை மறுமுனைக்கு வருவதற்குள் இருவருக்கும் வயிறு முழுக்கத் தேநீர். நடுவில் இஸ்திரிக்காரர் கல்யாணக் கதை முழுவதையும் சொல்லி முடித்தார். தேநீர் குடிக்க உட்கார்ந்த முதல் நாளே மாமியார் அவரிடம் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தாராம்.

பசை போட்டுத் தட்டில் வைத்த பிறகு, அந்தத் துண்டுக்கு இஸ்திரிக்காரரே காவல். ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். அவன் மனைவி சூடான காபித் தம்ளரைத் தட்டில் வைக்கப்போனால், "அம்மா, அங்க வேண்டாம்மா" என்று பதறினார். தன் கடையைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார். ஊரில் பாதிப்பேர் கசங்கின சட்டையோடு வேலைக்குப் போனார்கள்.

பதிவுக்கு முதல் நாள் கடைந்தான். அன்றைக்குத்தான் உளியைத் தீட்டியிருந்தான். மழுங்கின உளி மரத்தைச் சீவாது, தேய்க்கும், தேய்த்தால் சூடு. கறுப்புத் தூள் பறந்து இருவர் மூக்குக்குக் கீழேயும் மீசை வரைந்தது. உப்புத்தாளை லேசாக, பட்டும் படாமலும் வைத்து எடுத்தான். ஒவ்வொரு தாளுக்கும் எந்திரத்தை நிறுத்தி, மரத்தின் ரேகையோடு நீளவாக்கில் தேய்த்தான். இஸ்திரிக்காரரின் கன்னம் இடைவிடாமல் வேலை செய்தது. கடைசியில் குழாயின் வாயைச் சுரண்டினான். துடைத்துவிட்டு மறுபடி சுரண்டினான். முனையை வைத்துத் திருகுப்பிடியில் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தியபோது இருவருமே மூச்சு விடவில்லை. சத்தம் எதுவும் வரவில்லை. குட்டையாக, கனமாக, கருகருவென்று ஒரு பேனா வந்தது. அதன் சொந்தக்காரியை அச்சில் வார்த்தது போலவே இருந்தது என்று அவன் மனைவி சொன்னாள். அதை அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னாள்.

மறுநாள் பதிவு அலுவலகம். அதே நீளமான மேசை, அதே மின்விசிறி. மச்சினி வந்தவுடனே தன் விரலைத் தூக்கி அவனிடம் காட்டிவிட்டு நல்லபிள்ளை போல நாற்காலியில் உட்கார்ந்தாள். மாமியார் மடிப்புக் கலையாத சேலையில் விறைப்பாக நின்றார். பதிவாளர் காகிதத்தைத் திருப்பி வைத்து, முதலில் மணமகன் என்றார். இஸ்திரிக்காரர் பேனாவைக் கையில் எடுத்தார். எடுத்தவர் கீழே வைத்துவிட்டார்.

"ஒரு விஷயத்தைச் சொல்லாம நான் கையெழுத்துப் போட மாட்டேன்," என்றார்.

பதிவாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். மச்சினிக்கு வாய் பிளந்தது. அவன் மனைவி அவன் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் ரத்தம் ஓடுவது நின்றது. மாமியாரின் கை தன்னையறியாமல் இடுப்புக்குப் போய், அங்கே லத்தி இல்லாததைக் கண்டு திரும்பி வந்தது.

"சொல்லுங்க," என்றார். பழைய ஸ்டேஷன் குரல்.

"அந்த மொதத் துண்டு... அது பிளந்தது என்னாலதான். நான்தான் இஸ்திரிப் பெட்டிய வெச்சேன்."

"எந்தத் துண்டு?" என்று பதிவாளர் கேட்டார்.

மாமியார் மெதுவாக மருமகன் பக்கம் திரும்பினார். "உங்களுக்குத் தெரியுமா இது?"

அவன் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரிஞ்சுதான் என் தப்புன்னு சொன்னீங்களா?"

"அவர் நல்லது நெனச்சுத்தான் செஞ்சார் அத்தை. எனக்கு இருக்கிற பேர்ல இன்னொண்ணு சேர்ந்தா என்ன ஆயிடப்போகுது."

மாமியாரின் உதடு துடித்தது. அழப்போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவரோ சிரித்தார். அடக்கி அடக்கிப் பார்த்து, முடியாமல், மேசையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். "வேற ஒரு பொண்டாட்டி இருக்கான்னு நெனச்சுட்டேன்யா! உள்ள தள்ளியிருப்பேன்!" என்றார்.

"கையெழுத்தா, வாக்குமூலமா? ஏதாவது ஒண்ணைச் சீக்கிரம் குடுங்க," என்றார் பதிவாளர்.

இஸ்திரிக்காரர் கையெழுத்துப் போட்டார். பிறகு மாமியார் வாங்கினார். கார்பன் தாள் வைத்து எழுதிப் பழகின கை, அழுத்தித்தான் எழுதும். பெயரின் ஒவ்வொரு எழுத்துக்கும் மேசை அசைந்தது. பேனா செய்தவன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். முழுப் பெயரையும் எழுதி, அடியில் கோடும் இழுத்து, புள்ளியும் குத்தினார். ஒரு சத்தமும் வரவில்லை.

மூடியைப் போடுவதற்கு முன் பேனாவை ஜன்னல் பக்கம் பிடித்து நகத்தை அதன் மேல் ஓட்டினார். மேலிருந்து கீழாக, பிறகு சுற்றிச் சுற்றி. நகம் எங்கேயும் தட்டவில்லை. பேனாவைக் கைப்பையில் போட்டு மூடினார். அவ்வளவுதானா என்று அவனுக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

எல்லோரும் படியிறங்கி வெளியே வந்தார்கள். மழை மூட்டம் கலைந்து நல்ல வெயில் அடித்தது. அவனும் இஸ்திரிக்காரரும் பின்தங்கி, பிளந்துபோன முதல் துண்டைப் பற்றியே இன்னும் பேசிக்கொண்டு வந்தார்கள். முன்னால் போன மாமியார் வாடகைக் காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, தெருவே திரும்பிப் பார்க்கிற குரலில் கூப்பிட்டார்.

"விரிசல்! நேரமாச்சு, வாங்க!"

பழக்கதோஷம், அவன் வேகமாக இரண்டு எட்டு எடுத்து வைத்தான்.

"நீங்க இல்ல, மாப்பிள்ளை," என்றார் மாமியார்.